அப்பாவுக்குத் தெரியாமல் மட்டும் வேண்டாம்

கேள்வி: மேடம், எனக்கு 20 வயது. சீக்கியக் குடும்பம். தாத்தா 1947-க்குப் பிறகு ராவல்பிண்டிப் பக்கமிருந்து வந்து, கடைசியில் சென்னையில் கார் உதிரிபாகக் கடை போட்டார். நான் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் சென்னைதான். இதுவரை என் முடியில் கத்தரி பட்டதில்லை. வகுப்பில் தலைப்பாகை கட்டிய ஒரே பையன் நான். "சிங்கு" என்று கூப்பிட்டார்கள், சீக்கியர்களைக் கேலி செய்யும் பன்னிரண்டு மணி ஜோக் சொன்னார்கள், "உனக்கு எப்போடா மொட்டை?" என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன்.

இப்போது பட்டியாலாவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. பஞ்சாபுக்குப் போனால் கூட்டத்தில் ஒருவனாக இருக்கலாம் என்று ஆசையோடு வந்தேன். இங்கே என் ஹாஸ்டல் மாடியில் இருக்கும் சீக்கியப் பையன்களில் பாதிக்கு மேல் முடி வெட்டியவர்கள். "மெட்ராஸிலிருந்து வந்து எங்களுக்குச் சீக்கிய நெறி சொல்லித் தருகிறாயா?" என்று கிண்டல் செய்கிறார்கள். ஒரு ராத்திரி நான் தூங்கும்போது, முடியை மூடிக் கட்டும் சின்னத் துணியான என் பட்காவை உருவி வீடியோ எடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு சீனியர், "அரைகுறையாக இருக்காதே, அமிர்தம் எடு, முறைப்படி தீட்சை வாங்கு" என்று விடாமல் சொல்கிறார். மதியமானால் தலைவலி. நெற்றி ஓரத்தில் முடி கொட்டுகிறது. எனக்குப் பிடித்த பெண், "தாடியை மட்டுமாவது ட்ரிம் பண்ணேன்" என்கிறாள். நான் தலைப்பாகை சரியாக அமையவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுகிறவன், அதனால் காலை வகுப்புக்குத் தாமதமாகிறது. என் அக்கா புருவம் திருத்துகிறாள், அவளை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அடுத்த மாதம் தேர்வு முடிந்ததும் இங்கேயே வெட்டிக்கொண்டு, அப்படியே போய் வீட்டு வாசலில் நிற்கலாம் என்று இருக்கிறேன். வெட்டிய பிறகு அப்பா என்ன செய்துவிட முடியும்? ஆனால் ஒரு விஷயம் தடுக்கிறது. 1984-ல் அப்பா டெல்லியில் உறவினர் வீட்டில் தங்கிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். நவம்பர் கலவரத்தில் பக்கத்து வீட்டில் ஒளிந்திருந்தபோது, உயிர் பிழைக்க அவர் முடியை வெட்டிவிட்டார்களாம். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்பா ஒருநாளும் பேசியதில்லை. இதை நினைத்தால் கை நடுங்குகிறது. நான் என்ன செய்யட்டும்? வெட்டினால் நான் சீக்கியன் இல்லையா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முடி உங்களுடையது. வெட்டிக்கொள்வதும் வைத்துக்கொள்வதும் உங்கள் உரிமை, இதில் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் "வெட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்பேன்" என்ற திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டுவதாக இருந்தாலும் அடுத்த மாதம் வேண்டாம். அப்பாவுக்குத் தெரியாமல் கண்டிப்பாக வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடிதத்தைப் பற்றி. கிண்டல், வீடியோ, தலைவலி, முடி கொட்டுவது, அந்தப் பெண், தாமதமாகும் வகுப்பு, அக்காவின் புருவம், சீனியரின் தொல்லை என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் குருவின் மீது நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. "எனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது" என்று எழுதியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அதே கடிதத்தில், மடிப்பு சரியாக அமையாவிட்டால் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன் என்றும் சொல்கிறீர்கள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட ஒன்றுக்காக யாரும் காலை வகுப்பைத் தவறவிட மாட்டார்கள். உடனே "அப்படியானால் வைத்துக்கொள்" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் சொல்கிறேன். கத்தரியைக் கையில் எடுத்தால் முடிவு தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறீர்கள்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குழந்தைக்கு முதல் முடி எடுப்பது பக்தி. பழனிக்கோ திருப்பதிக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போய் மொட்டை போட்டால்தான் பாட்டிக்கு நிம்மதி. சீக்கிய வீட்டில் அந்த முடியைத் தொடாமல் விடுவது பக்தி. 1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்த்பூர் சாகிப்பில் குரு கோபிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை நிறுவினார். அந்த மரபில் வந்த ஐந்து அடையாளங்களில் முதலாவது கேஷ், அதாவது வெட்டாத முடி. கங்கா என்ற மரச்சீப்பு, கடா என்ற இரும்பு வளையம், கச்சேரா என்ற உள்ளாடை, கிர்பான் என்ற வாள் மற்ற நான்கு. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் ஏற்றுக்கொண்ட ரஹத் மரியாதா என்ற நடத்தை விதித் தொகுப்பு, பிறந்த குழந்தையின் முடியில் பெற்றோர் கைவைக்கக் கூடாது என்றே சொல்கிறது. உங்கள் தலையில் கத்தரி படாததற்கு அப்பாவின் பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை.

இந்த முடிக்குப் பின்னால் ஒரு ரத்தக் கதையும் இருக்கிறது. 1745-ல் லாகூரில், முகலாய ஆளுநர் சகரியா கானின் ஆணையில் பாய் தாரு சிங்கின் தலைத்தோலையே உரித்தார்கள் என்று சீக்கிய வரலாறு சொல்கிறது. முடியை விட மறுத்ததுதான் காரணம். குருத்வாராவில் சொல்லும் அர்தாஸ் பிரார்த்தனையில், தலைத்தோலை இழந்தவர்களையும் கடைசி மூச்சு வரை கேஷத்தோடு சீக்கிய நெறியைக் காத்தவர்களையும் நினைவுகூரும் வரிகள் இருக்கின்றன. சென்னை ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் அப்பாவின் பக்கத்தில் நின்று சின்ன வயதிலிருந்தே அதைக் கேட்டிருப்பீர்கள். இத்தனை பாரம் ஏறிய ஒரு விஷயத்தை, ஹாஸ்டல் மாடியில் நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காக முடிவு செய்தால் பின்னால் உங்களுக்கே மனது ஆறாது.

இதே பாரத்தைச் சொல்லிச் சொல்லி உங்களைக் குற்றவாளியாக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. "அவர் தலைத்தோலையே கொடுத்தார், உன்னால் கொஞ்சம் கிண்டலைத் தாங்க முடியாதா?" என்று இருபது வயதுப் பையனிடம் கேட்பது அநியாயம். தாரு சிங் தானாக முடிவெடுத்தவர். அதைச் சொல்லி இன்னொருவருடைய முடிவைப் பறிப்பது அவருக்கும் மரியாதை இல்லை.

நான் சீக்கியர் இல்லை, மத விளக்கம் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு வரும் இளைஞர்கள் இரு தரப்பிலும் மேற்கோள் காட்டுவது கபீரின் ஒரு சலோகத்தை. அது சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பிலேயே இருக்கிறது. இறைவன் ஒருவனிடம் அன்பு வைத்தால் மனதின் ஊசலாட்டம் போய்விடும், பிறகு நீ நீளமாக முடி வளர்த்தாலும் சரி, தலையை மழித்தாலும் சரி என்பது அதன் பொருள். முடி வெட்டிய பையன்கள் பின்பாதியை மட்டும் சொல்வார்கள். கண்டிப்பானவர்கள், முன்பாதி நிறைவேறாமல் பின்பாதியைப் பேசாதே என்பார்கள். உங்களுக்கு அதில் முக்கியமானது நடுவில் இருக்கும் அந்த ஊசலாட்டம்தான். அது இருக்கும்வரை வெட்டினாலும் நிம்மதி வராது, வைத்தாலும் வராது.

சரி, இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? என்னிடம் நேரில் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது, அதை நீங்களும் செய்யுங்கள். தேர்வு முடியும்வரை, வெட்ட வேண்டும் என்ற எண்ணம் பலமாக எழும் ஒவ்வொரு முறையும் போனில் ஒரு வரி குறித்துவையுங்கள். நேரம் என்ன, எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் யார், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது. இவ்வளவு போதும், ஆராய்ச்சி வேண்டாம். சில வாரம் கழித்து மொத்தமாகப் படித்துப் பாருங்கள். மெஸ்ஸில் அந்தப் பையன்கள் பேசிய பிறகும், இன்ஸ்டாகிராம் பார்த்த பிறகும் மட்டுமே அந்த எண்ணம் வந்திருந்தால், அது வெளியிலிருந்து வரும் அழுத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து நிதானமாகத் தலை சீவும்போதும், மனது அமைதியாக இருக்கும்போதும் "இது எனக்கு வேண்டாம்" என்று தோன்றினால், அது உங்களுடையது. அதை நான் முழுதாக மதிக்கிறேன். வீட்டாரும் மதிக்கத்தான் வேண்டும்.

கூடவே ஒரு கற்பனை. யாருக்குமே உங்களைத் தெரியாத ஊரில் ஒரு வருஷம் தனியாக இருக்கிறீர்கள். கிண்டல் செய்யவும் ஆள் இல்லை, "சபாஷ் சிங்" என்று தட்டிக்கொடுக்கவும் ஆள் இல்லை. அப்பா போனில், "நீ எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் என்ன செய்வீர்கள்? இதற்கு என்னிடம் பதில் சொல்ல வேண்டாம். பலருக்கு முதலில் தோன்றும் பதிலும் ஒரு வாரம் கழித்துத் தோன்றும் பதிலும் வேறாக இருக்கும், அதனால் இரண்டு முறை கேட்டுப் பாருங்கள்.

தலைவலியும் முடி கொட்டுவதும் மதப் பிரச்சினையே இல்லை. அவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். ஜூடாவை, அதாவது தலைப்பாகைக்குள் போடும் கொண்டையை, தினமும் ஒரே இடத்தில், ஒரே திசையில் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் முடி கொட்டும். சீக்கிய ஆண்களிடம் தோல் மருத்துவர்கள் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே இழுவையைக் குறைத்தால் முடி திரும்ப வரும். வருஷக்கணக்கில் விட்டால் வேர் செத்துப்போய் வராமலே போகலாம். அதனால் ஜூடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள், தூங்கும்போது அவிழ்த்துத் தளர்வாக விடுங்கள். குளித்துவிட்டு ஈரத்தோடு தலைப்பாகை கட்டவே கட்டாதீர்கள், பொடுகும் பூஞ்சையும் அதில்தான் வரும். தலைப்பாகையைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில் வலி குறைகிறது என்றால் இறுக்கம்தான் காரணம். தலைப்பாகைக்கு உள்ளே கட்டும் ஃபிஃப்டி என்ற துணிப்பட்டையைத் தளர்த்திப் பாருங்கள், மெல்லிய துணிக்கு மாறுங்கள். பட்டியாலாவில் இருந்துகொண்டு, பட்டியாலா சாஹி பாணியில் தலைப்பாகை கட்டுகிற பெரியவர்கள் யாரிடமாவது இதைக் கேட்காமல் இருப்பது வீண். இத்தனைக்கும் பிறகு வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உடம்புக்காக வெட்டத்தான் வேண்டும் என்ற நிலைமை பெரும்பாலும் வராது. அதைக் காரணமாகக் காட்டி வெட்டினால், சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சொல்லித் தப்பித்தோமே என்று பின்னால் குத்தும்.

அந்த வீடியோ விஷயத்தை நான் அப்படியே விட மாட்டேன். தூங்குகிற ஒருவரின் பட்காவை உருவிப் படம் எடுப்பது விளையாட்டு அல்ல, ராகிங். 2009-ல் வந்த யுஜிசி விதிமுறைகளின்படி கல்லூரி அதில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். கட்டணமில்லாத புகார் எண் 1800-180-5522. எடுத்தவர்கள் தாங்களும் சீக்கியர்கள் என்பதால் அது சின்னத் தவறாகிவிடாது. வீடியோவை அழித்தார்களா என்று முதலில் வார்டன் மூலம் உறுதி செய்யுங்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான். சென்னையில் தெரியாதவர்கள் கிண்டல் செய்தார்கள், தாங்கிக்கொண்டீர்கள். நம்மவர்கள் என்று நம்பி வந்த இடத்தில் நம்மவர்களே செய்யும்போது அடி வேறு இடத்தில் விழுகிறது. வெட்ட வேண்டும் என்ற வேகம் அந்த ராத்திரிக்குப் பிறகுதான் கூடியதா என்று உங்கள் குறிப்புகளில் பாருங்கள்.

அவர்களைப் பற்றி இன்னொன்றும் தோன்றுகிறது. முடி வெட்டிய ஒரு சீக்கியப் பையனுக்கு, வெளியூரிலிருந்து வந்தவன் தினமும் ஒழுங்காகத் தலைப்பாகை கட்டி நடப்பதைப் பார்ப்பது சில சமயம் சங்கடமாக இருக்கும். அவனும் தன் வீட்டில் இதே சண்டையைப் போட்டுத்தான் வந்திருப்பான். அவர்களில் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வெட்டின அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் சொல்லாத பதில் தனியாக வரும்.

அமிர்தம் எடு என்று துரத்தும் சீனியருக்குப் பதில் எளிது. அமிர்தம் எடுத்தவருக்கு முடி வெட்டுவது நான்கு பெரிய விலக்குகளில் ஒன்று. மீறினால் பதித், அதாவது நெறி தவறியவர், ஆகிவிடுவார், தண்டனை ஏற்று மறுபடி அமிர்தம் எடுத்தால்தான் திரும்ப முடியும். இவ்வளவு பெரிய உறுதிமொழியை, வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் வேலி போடுவதற்காக எடுக்கக் கூடாது. "என் மனது தயாரானால் நானே வந்து சொல்கிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்தப் பெண்ணிடமும் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தாடியை ட்ரிம் செய்துவிட்டுத் தலைப்பாகையைத் தொடர்கிறவர்கள் பஞ்சாபில் நிறையப் பேர். உங்களுக்காக அந்த வழிக்குப் போனால் போங்கள். அவளுக்குப் பாதி, அப்பாவுக்குப் பாதி என்று முகத்தைப் பங்குபோட வேண்டாம்.

இப்போது அப்பா.

1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் டெல்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி போன்ற இடங்களில் வீடு வீடாகப் போய் ஆண்களை இழுத்துவந்து எரித்தார்கள். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். அதனால் அம்மாக்களும் அக்காக்களும் அத்தைகளும் வீட்டுப் பையன்களின் முடியை அழுதுகொண்டே வெட்டினார்கள். உங்கள் அப்பா அந்தப் பையன்களில் ஒருவர். அன்றைக்கு அவருக்கு உங்கள் வயதுகூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, யோசித்தும் இருக்க மாட்டீர்கள். அவர் மறுபடி வளர்த்தார். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஜூடா கட்டும் அளவுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், முழு நீளத்துக்கு இன்னும் பல வருஷம். அந்தக் காலம் முழுவதும் அவர் எப்படிப் பள்ளிக்குப் போனார்? அவர் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, மகனைக் குட்டை முடியோடு முதலில் பார்த்தபோது என்ன சொன்னார்? திரும்ப வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்தது யார், அவரா, வீட்டாரா? ஆளைக் கொல்வதற்கு அடையாளமாக இருந்த ஒன்றை ஒரு சின்னப் பையன் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அல்லது, எவ்வளவு பயத்தோடு அதைச் செய்தார்! இரண்டில் எது என்று அவர் வாயால்தான் தெரியும்.

உங்கள் திட்டப்படி நடந்தால் அப்பா கதவைத் திறப்பார், எதிரே முடி வெட்டிய மகன் நிற்பான். ஒரு முன்னறிவிப்பும் இருக்காது. அந்த நொடியில் அவர் பார்ப்பது உங்களை மட்டுமாக இருக்காது என்று நான் அஞ்சுகிறேன். ஒருவரின் பழைய காயம் என்ன என்று தெரிந்தபிறகு அதே இடத்தில் எதிர்பாராமல் கை வைக்கக் கூடாது. உங்கள் கை நடுங்குவதும் அதனால்தான், அந்த நடுக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைத்து மீறாதீர்கள். அன்று அவரைக் கேட்காமல் நடந்தது. இன்றைக்கு நீங்கள் வெட்டினால் அது உங்கள் சொந்த விருப்பம். இந்த வித்தியாசம் அவருக்குப் புரிய வேண்டும் என்றால் அவரிடம் பேச நீங்கள் இடம் கொடுக்க வேண்டும்.

அதனால் ஊருக்குப் போகும்போது தலைப்பாகையோடு போங்கள். ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அப்பா தலைப்பாகைத் துணியை மடிக்க உங்களைக் கூப்பிடுவார் அல்லவா? அவர் ஒரு முனை, நீங்கள் ஒரு முனை பிடித்து இழுத்து மடிக்கும் அந்த பூணிக்குப் பிறகு பேசலாம். அல்லது கடையை அடைத்து வந்த இரவு பேசலாம். போனில் வேண்டாம். பஞ்சாபியிலேயே பேசுங்கள், இங்கிலீஷில் பேசினால் வாதம் போலாகிவிடும். ஏறக்குறைய இப்படி ஆரம்பிக்கலாம்: "அப்பா, முடியை வெட்டலாமா என்று ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் வெட்டவில்லை. உங்களிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனசில்லை. கோபம் வந்தால் கோபப்படுங்கள், ஆனால் என்னோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள்." அங்கே நிறுத்திவிடுங்கள். அவர் என்ன சொன்னாலும் அன்றைக்கே பதிலுக்குப் பதில் வேண்டாம். "நான் செத்தபிறகு என்ன வேண்டுமானாலும் செய்" என்றுகூடச் சொல்லலாம். நம் ஊர் அப்பாக்களும் இதையேதான் சொல்வார்கள். அது அவருடைய கடைசி வார்த்தை இல்லை, முதல் வார்த்தை.

அக்காவின் புருவத்தை அந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். நீங்கள் சொல்வது நியாயம்தான். விதி பெண்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் பல வீடுகளில் மகன் தலையில் மட்டும் குடும்ப மானத்தைச் சுற்றிவைத்துவிட்டு மகளைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். இதை அக்காவிடமே பேசுங்கள். அவளை மாட்டிவிடுவதைவிட, அவளைத் துணைக்கு வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. 1984-ஐயும் வாதத்துக்கு எடுக்க வேண்டாம். "உங்களுக்கே வெட்டினார்களே" என்று கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதை வேறொரு நாள், எதையும் சாதிக்கிற நோக்கமில்லாமல் கேளுங்கள்: "திரும்ப வளர்த்தீர்களே அப்பா, அப்போது எப்படி இருந்தது?" இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்தால் சொல்லக்கூடும்.

வெட்டினால் நான் சீக்கியன் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பதில் இல்லை. ரஹத் மரியாதாவின்படி முடியைக் காப்பது சீக்கிய வாழ்வின் பகுதி, அதைப் பூசி மெழுக முடியாது. 2009-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் வெட்டாத முடி சீக்கிய மதத்தின் இன்றியமையாத பகுதி என்றே சொன்னது. அது சிரோமணி கமிட்டியின் மருத்துவக் கல்லூரியில் சீக்கியச் சிறுபான்மை இடங்களுக்கான வழக்கு. அதனால் உங்கள் இடமும் அந்த ஒதுக்கீட்டில் கிடைத்ததா என்று பாருங்கள். அப்படியானால் சேர்க்கை நிபந்தனையை முழுதாகப் படிக்காமல் கத்தரிப் பக்கம் போகாதீர்கள். அதே சமயம், முடி வெட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு வணங்குகிறார்கள், லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் பரிமாறுகிறார்கள், தங்களைச் சீக்கியர் என்றே சொல்கிறார்கள். அவர்களை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை.

திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கைச் சின்ன வயதிலேயே ஆங்கிலேயர்கள் நாட்டைவிட்டுப் பிரித்தார்கள். முடி போனது, 1853-ல் கிறிஸ்தவராகவும் ஆனார். 1886-ல் ஏடனில், நடுவயதில், மறுபடி அமிர்தம் எடுத்துக்கொண்டார். 1928-ல் போலீஸ் கண்ணில் படாமல் இருக்க முடியையும் தாடியையும் எடுத்த பகத் சிங்கை இன்றைக்குப் பஞ்சாபில் யாரும் குறைத்துப் பேசுவதில்லை. படிப்பு முடிந்து கனடா போனால் தலைப்பாகை இடைஞ்சல் என்று யாராவது சொன்னால், 1990-ல் பல்தேஜ் சிங் தில்லான் அங்கே காவல்துறையில் தலைப்பாகையோடு பணிபுரியும் உரிமையை வென்றதைச் சொல்லுங்கள். வெறுப்பும் அங்கே இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்காக வெட்டியே ஆக வேண்டும் என்பது உண்மை இல்லை.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "வெட்டினால் வீட்டுக்கு வராதே" என்று சொன்னால் பிள்ளை வெட்டாமல் இருந்துவிடாது, சொல்லாமல் இருந்துவிடும். உங்கள் மகன் ஒரு சந்தேகத்தோடு உங்களிடம் வருகிறான் என்றால், அவன் உங்களை இன்னும் பெரியவராக மதிக்கிறான்.

தம்பி, தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வகுப்புக்குப் போகவே மனமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, வாழ்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றினாலோ, அப்பாவிடம் பேசும்வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இன்றிரவு அக்காவுக்குப் போன் போட்டு நீங்கள் எனக்கு எழுதியதை அவளிடம் சொல்லுங்கள். தேர்வு முடியட்டும். வீட்டில் பேசி, அவசரப்படாமல் சில மாதம் யோசித்து, அதன்பிறகும் வெட்டுவதுதான் என் முடிவு என்று உங்களுக்குத் தெளிவாக இருந்தால், என்றைக்கு வெட்டப்போகிறீர்கள் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்டிய முடியை என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.